சேற்றிலிருந்து மேல்நோக்கி: காரங்காட்டு அலையாத்திக் காட்டை ரசிப்பது எப்படி

வனம் என்றவுடன் குற்றாலத்துச் சாரலையும் கொடைக்கானலின் சோலைகளையும் மனத்தில் ஏந்திக்கொண்டு வருகிறவர்களுக்கு, தொண்டிக்குத் தெற்கே, கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் கலக்கும் முகத்தில் நிற்கும் காரங்காட்டு அலையாத்திக் காடு முதற் பார்வையில் பெரிய ஏமாற்றத்தையே அளிக்கும். வானளாவிய விருட்சங்கள் இல்லை. அருவியின் ஓசை இல்லை. மலர்களின் வர்ண ஜாலம் இல்லை. ஆள் உயரத்திற்குச் சற்று மேற்பட்டோ, இரண்டாள் உயரத்திற்கோ வளர்ந்த, சாம்பல் பூத்த பசுமை கொண்ட மரங்கள் ஒன்றையொன்று நெருக்கியபடி இருகரையிலும் நிற்க, அவற்றின் நடுவே கலங்கிய நீர் அசைவதும் அசையாததுமாய்க் கிடக்க, நீர் வடிந்த கரையிலிருந்து கெட்ட முட்டையின் நாற்றம் ஒன்று எழுந்து நாசியைத் தாக்கும். படகில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு புகைப்படம் எடுத்து, "இவ்வளவுதானா?" என்று திரும்பிப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு சங்கீத வித்வானின் ஆலாபனையை ராக லட்சணம் அறியாதவன் கேட்பதைப் போன்றது அது. காதில் விழுவதென்னவோ உண்மை, ஆனால் எங்கே கவனிப்பது என்பது அவனுக்குத் தெரிவதில்லை. எங்கே கவனிக்க வேண்டும் என்று சொல்வதற்கே இக்கட்டுரை.

இந்தக் காட்டை ரசிப்பதற்கு ஒரு கிரமம் உண்டு என்பது என் துணிபு. முதலில் சேறு, பிறகு வேர், அதன் பிறகு இலை, அப்புறம் விதை, கடைசியிலேதான் பறவை. வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, படகில் ஏறியதுமே அண்ணாந்து பார்த்துப் பூநாரை எங்கே என்று தேடுகிறார்கள். பூநாரை கண்ணில் பட்டால் யாத்திரை சபலம், படாவிட்டால் விபலம். ஆனால் இங்குள்ள அதிசயங்களில் பெரியவை நம் முழங்காலுக்குக் கீழேதான் நிகழ்கின்றன.

தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்பட்டால், நம்புதாளை, சோழியக்குடி, முள்ளிமுனை ஆகிய மீனவர் ஊர்களின் பக்கமாகச் சென்று அரைமணி நேரத்திற்குள் காரங்காட்டை அடைந்துவிடலாம். வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வழியைத்தான் பார்க்க வேண்டும். சீமைக் கருவேலம் அடர்ந்த பொட்டல், அதனிடையே தனித்தனியாய் நிற்கும் பனைகள், நீர் வற்றிய கண்மாய்கள், வெயிலில் வெளுத்த உவர்நிலம் என்று இராமநாதபுரச் சீமையின் வறட்சி முழுவதையும் கண்ணால் குடித்துக்கொண்டே வந்தால்தான், அந்த வறட்சியின் கிழக்கு ஓரத்தில், அதுவும் உப்பு நீரில் காலை ஊன்றிக்கொண்டு, ஒரு காடு பசுமையாய் நிற்பதன் விசேஷம் விளங்கும். இந்தக் கடற்கரையின் வெயில் எத்தகையது என்பதற்கு, சற்றுத் தெற்கே உப்பூரில் தலைக்கு மேல் கூரை வேண்டாமென்று வெயிலுகந்த விநாயகராய் எழுந்தருளியிருக்கும் பிள்ளையாரே சாட்சி. ஆகையால் தலைக்குத் துண்டோ தொப்பியோ, கைக்குக் குடிநீரோ இல்லாமல் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

புறப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். நல்ல நாள் பார்ப்பதற்காக அன்று, திதி பார்ப்பதற்காக. கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. இதைக் கடற்கரையார் ஏத்தம், வத்தம் என்பார்கள். பாக் விரிகுடா ஆழமற்றது. சராசரி ஆழம் ஏறத்தாழ 9 மீட்டர் என்கிறார்கள். இராமேசுவரத்து மீனவர்கள் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், அலை அடங்கிய இந்த வடகடலைப் பெண்கடல் என்றும் வழங்குகிறார்கள். இத்தகைய சாந்தமான கடலில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் அதிகமாக ஏறி அதிகமாக வடியும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அந்த அசைவு மந்தமாகிவிடும். சேற்றையும் வேரையும் பார்க்க விரும்புகிறவர்கள் அமாவாசை அல்லது பௌர்ணமியை அடுத்த இரண்டொரு நாட்களில், நீர் வற்றும் நேரம் காலைப் பொழுதில் வருமாறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் முக்கால் மணிக்கு மேல் பிந்திக்கொண்டே போகும். சரியான நேரத்தைக் காரங்காட்டுப் படகோட்டிகளைக் கேட்டால் கடிகாரம் பாராமலே சொல்வார்கள்.

இங்கே படகுப் பயணத்தை வனத்துறை நடத்துகிறது. படகைச் செலுத்துகிறவர்கள் அந்த ஊர் மக்களே. செங்கோல் மாதாவைத் தங்கள் காவலாகக் கொண்ட கத்தோலிக்க மீனவர்களின் ஊர் இது. மாதாவுக்கும் கடலுக்கும் அடுத்தபடியாக இந்தக் காட்டை அறிந்தவர்கள் இவர்கள். ஆகவே, படகில் ஏறியவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம், "அண்ணே, உள்ளே போனதும் எஞ்சினை நிறுத்திட்டுக் கொஞ்சம் நிக்கலாமா?" என்று கேட்டுக்கொள்வதே. கயாக் என்னும் துடுப்புப் படகும் கிடைக்கிறது. கை வலிக்கும் என்று அஞ்சாதவர்களுக்கு அதைவிட உத்தமமான வாகனம் வேறில்லை, ஏனெனில் அதற்குச் சப்தமில்லை.

எஞ்சின் நின்றதும் பேச்சும் நிற்கட்டும். இரண்டு மூன்று நிமிஷம் கழிந்ததும், கரைச் சேற்றிலிருந்து விரல் நொடிப்பதைப் போலச் சொடக்கு சொடக்கென்று ஓசை வரும். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறிய இறால்வகை ஒன்று, சேற்று வளைக்குள் இருந்துகொண்டு அந்தக் கொடுக்கை வெகுவேகமாக மூடும்போது எழும் சப்தம் அது. உயிரற்றதென்று நாம் எண்ணிய சேறு முழுவதும் பிராணிகள் குடியிருக்கின்றன என்பதற்கு இதுவே முதற் சான்று.

இப்போது அந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உதிர்ந்த இலைகளும் மடிந்த உயிர்களும் ஆற்று வண்டலோடு கலந்து படியும் இந்தச் சேற்றில், மேலே ஒரு மெல்லிய படலம் நீங்கலாகக் காற்றே புகுவதில்லை. காற்றில்லாத அவ்விருட்டில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள கந்தகச் சத்தை உபயோகித்து ஜீவிக்கின்றன. அவை வெளிவிடும் ஆவியே கெட்ட முட்டையின் நாற்றம். அழுக்கினால் வருவதன்று இது. மூக்கைப் பொத்திக்கொள்ளாமல், இந்தச் சேற்றினுள் சுவாசிப்பதற்குக் காற்றில்லை என்ற உண்மையின் அறிவிப்பாக அதை ஏற்றுக்கொண்டால், அடுத்துப் பார்க்கப்போகும் வேர்களின் அருமை தானே புலப்படும்.

இங்குள்ள வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தைச் சுற்றிலும், சேற்றிலிருந்து ஆகாயத்தை நோக்கி, பென்சில் பருமனில், ஒரு சாணுக்கு உட்பட்ட உயரத்தில், நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் நிமிர்ந்து நிற்கும் குச்சிகளைச் சிலர் முளைவிட்ட கன்றுகள் என்று எண்ணிவிடுகிறார்கள். அவை வேர்கள். பூமியை நோக்கி இறங்குவதே வேரின் சுபாவம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, காற்றைத் தேடி மேல்நோக்கி எழும் வேரைப் பார்ப்பது ஒரு சிறு அதிர்ச்சிதான். ஒரே ஒரு வேரைத் தேர்ந்தெடுத்து உற்றுப் பாருங்கள்: அதன் பட்டையில் புள்ளி புள்ளியாய்த் துளைகள் தெரியும். நீர் ஏறி வேர் மூழ்கியிருக்கும் வேளையில், உள்ளிருக்கும் பிராணவாயுவை மரம் சிறிது சிறிதாகச் செலவழித்துவிட, வேருக்குள் அழுத்தம் குறைந்து வெறுமை உண்டாகிறது. நீர் வடிந்து துளைகள் வெளிப்பட்ட அந்தக் கணத்தில் அவ்வெறுமையை நிரப்பக் காற்று உள்ளே பாய்கிறது. பெர் ஷோலாந்தர் என்னும் உடலியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் இதைப் பரிசோதித்து 1955-ஆம் வருஷத்தில் வெளியிட்டார்கள். கண்டல் இன மரத்தின் வேர்த்துளைகளை அடைத்தபோது, சேற்றினுள்ளிருக்கும் வேரின் பிராணவாயு இரண்டொரு நாளில் வற்றிப்போனதை அவர்கள் அளந்து காட்டினார்கள். கடல் வற்றும்போது உள்மூச்சு, ஏறும்போது மூச்சடக்கம். சந்திரனின் கதிக்கு இசைந்து, நாளொன்றுக்கு இருமுறை, இந்த வனம் முழுவதும் இவ்வாறு மூச்செடுப்பதை மனத்தில் இருத்திக்கொண்டு, நீர் வடியும் நேரத்தில் கால்மணி நேரம் அந்த வேர்க் கூட்டத்தின் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தால், பிரயாணத்தின் மற்ற காட்சிகள் கிடைக்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை என்று சொல்லும் மனநிலை வந்துவிடும். கரையில் இறங்க நேர்ந்தால் இந்த வேர்களை மட்டும் மிதிக்க வேண்டாம். ஒடிந்த ஒவ்வொன்றும் மரத்தின் ஒரு நாசித் துவாரம்.

வேரை விட்டு இலைக்கு வரலாம். படகு கிளையோரம் உரசிச் செல்லும்போது, மழையில்லாத நாளாயிருந்தால், ஒரு வெண்கண்டல் இலையின்மேல் விரலைத் தடவி நாவில் வைத்துப் பாருங்கள், உப்பு கரிக்கும். வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்து நிறுத்திவிடும் இம்மரம், அதையும் மீறி உள்ளே வந்ததை இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகளின் வழியே வெளியே தள்ளுகிறது. நீர் ஆவியாகி, உப்பு படிகமாய் இலைமேல் பூத்துக் கிடக்கும்; சாய்வெயிலில் அது மினுமினுப்பதைக் கண்கூடாகக் காணலாம். இலையின் அடிப்புறம் வெண்மையாயிருப்பதையும் திருப்பிப் பாருங்கள். காற்றடிக்கும்போது காடு முழுவதும் ஒரு நொடி வெள்ளி பூசியதுபோல் மாறி மறுபடி பச்சையாவது இதனால்தான். கரையின் உலர்ந்த ஓரங்களில், தரையோடு தரையாய், சதைப்பற்றான சிறிய இலைகளும் செம்மை படர்ந்த தண்டுகளுமாய்ப் படர்ந்திருக்கும் உமரிச் செடி இதற்கு நேர்மாறான உபாயம் செய்கிறது: உப்பை வெளியேற்றாமல் இலைக்குள்ளேயே நீரோடு சேர்த்துச் சேமித்துக்கொள்கிறது. ஒரே விஷத்திற்கு இரண்டு வைத்தியங்கள்.

விதையின் கதை இன்னும் உருக்கமானது. அலை அடித்துக்கொண்டு போகும் சேற்றில் சாதாரண விதை விழுந்தால் அது வேரூன்றுமுன் கடலுக்குப் போய்விடும். அதனால் வெண்கண்டலின் விதை, தாய்மரத்தின் கிளையில் காயாயிருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிட்டு, தயாரான நிலையில்தான் உதிர்கிறது. பிச்சாவரத்தில் மிகுதியாகக் காணும் சுரபுன்னையோ அந்த முளையை மறைப்பதுகூட இல்லை. கிளையிலிருந்து நீண்ட பச்சை முருங்கைபோல் அது வெளிப்படையாகத் தொங்கும். கோட்டக்கரை ஆற்றில் மழைநீர் வரும் காலத்தை ஒட்டிப் போகிறவர்கள், தண்ணீரில் மிதந்து செல்லும் சிறிய பசுங்காய்களைக் கண்டால் குப்பையென்று எண்ணிவிட வேண்டாம். அவை இடம் தேடிப் போகும் கன்றுகள்.

நீர் நன்றாக வடிந்த பிறகு சேற்றுமேடுகளைப் பாருங்கள். உடம்பின் பாதியளவு பெருத்த ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி அசைக்கும் சிறு நண்டுகள் வளைகளின் வாயிலில் நிற்கும். கொடுக்கை அசைப்பவை ஆண்கள். அது பெண்ணுக்கு அழைப்பு, போட்டியாளனுக்கு எச்சரிக்கை. படகின் நிழல் விழுந்ததுமே அத்தனையும் ஒரு சேர மறைந்துவிடும். அசையாமலிருந்தால் சிறிது நேரத்தில் ஒவ்வொன்றாய்த் திரும்பி வரும். அவற்றின் வளைகள் வழியேதான் காற்றற்ற சேற்றிற்குள் கொஞ்சம் காற்று போகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவற்றுக்கிடையே, முன் துடுப்புகளைக் கைகளாய் ஊன்றி, தலைமேல் துருத்திய கண்களால் நாற்புறமும் நோட்டமிட்டுத் துள்ளித் துள்ளிச் செல்லும் விரலளவு மீன்களும் இருக்கும். தோலும் வாயும் ஈரமாயிருக்கும்வரை நீருக்கு வெளியிலும் இவற்றால் மூச்சுவிட முடியும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலில் காட்டிவிட்டால், அப்புறம் அவர்களைப் படகிலிருந்து இறக்குவதே கஷ்டம்.

இலை உதிர்கிறது, நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன, சிதைந்த துகள்களை நண்டும் இறாலும் உண்கின்றன, அவற்றைத் தேடி மடவையும் கொடுவாவும் வருகின்றன, மீன்களைத் தேடி நாரையும் மனிதனும் வருகிறார்கள். கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் பகைவருக்கு அஞ்சி இந்த வேர்களின் இடுக்கில் வந்து வளர்ந்து, பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. தொண்டிக் கரையில் வலையேறும் மீனில் எத்தனையோ இங்கே பால்யத்தைக் கழித்தவை.

இவ்வளவையும் பார்த்த பின் தலையை உயர்த்தலாம். பறவைகளுக்கு உகந்தவை கார்த்திகை முதல் மாசி வரையுள்ள மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று பலமாக வீசினால் இந்தப் பெண்கடலும் சீறும். அன்று படகு விடமாட்டார்கள், விடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. தை பிறந்துவிட்டால் வானமும் நீரும் தெளிந்துவிடும். வடக்கே மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் குளிர் தாங்காமல் புறப்பட்டு வந்த உள்ளான் இனங்கள் அப்போது சேற்றுவெளிகளில் மேயும். அவற்றை வகை பிரித்துப் பெயர் சொல்லத் தெரியவில்லையே என்று வருந்த வேண்டாம். அலகை மட்டும் கவனியுங்கள். குட்டை அலகுள்ளவை மேற்பரப்பைக் கொத்தும். நடுத்தர அலகுள்ளவை விரற்கடை ஆழத்திற்குக் குத்தும். நீண்டு வளைந்த அலகுள்ளது வளைக்குள்ளேயே அலகைச் செலுத்தி நண்டை இழுக்கும். ஒரே சேற்றை அவை அடுக்கடுக்காய்ப் பங்கிட்டுக்கொண்டு சண்டையின்றி உண்பதைக் காண்பது, நூறு பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட மேலானது. ஆற்று முகத்தில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். செம்பருந்து மேலே வட்டமிடும். ஆலாக்கள் மீன்மேல் செங்குத்தாய் விழும்.

பூநாரை வரும் வருஷமும் உண்டு. வராத வருஷமும் உண்டு. வந்திருந்தால், அது உண்ணும் விதத்தைப் பார்க்க வேண்டும்: காலால் சேற்றை மிதித்துக் கலக்கிவிட்டு, தலையைத் தலைகீழாய் நீருக்குள் கவிழ்த்து, நாக்கினால் நீரை உறிஞ்சி, அலகோரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்களை நிறுத்திக்கொண்டு நீரை வெளியே தள்ளும். அதன் ரோஜா நிறம் அந்த ஆகாரத்திலிருந்து வருவதே. இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். பறக்கும்போது சிறகின் சிவப்பு தெரியும் என்பதற்காகப் படகை நெருக்கி ஓட்டியும் கை தட்டியும் கூட்டத்தை எழுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பாபம். நெடுந்தூரம் பறந்து வந்த பட்சி, நீர் வடிந்திருக்கும் சில மணி நேரத்திற்குள்தான் வயிற்றை நிரப்பிக்கொள்ள முடியும். நம்முடைய ஒரு புகைப்படத்திற்காக அதன் ஒரு வேளை உணவைப் பறிக்க நமக்கு என்ன உரிமை?

காட்டைப் பார்க்கிறவர்கள் ஆற்றை மறந்துவிடுகிறார்கள். கோட்டக்கரை ஆறு சிவகங்கைச் சீமையிலிருந்து இறங்கி வருவது. ஆண்டின் பெரும்பகுதி அதை ஆறென்று சொல்லவே தயக்கமாயிருக்கும். வடகிழக்குப் பருவமழையில், வழியிலுள்ள கண்மாய்கள் நிறைந்து மிஞ்சிய நீர்தான் இங்கே வந்து சேர்கிறது. அந்தச் சில வாரங்கள் ஓடும் நன்னீர்தான் சேற்றின் உப்பைத் தணித்து, உதிர்ந்த கன்றுகளுக்கு வேரூன்றும் அவகாசத்தையும், புதிய வண்டலையும் தருகிறது. உப்பைத் தாங்கும் மரம் என்பதால் உப்பையே விரும்பும் மரம் என்று கொள்ளலாகாது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் பழைய நாளில் பட்டை பட்டையாக மரங்களை வெட்டியெடுத்த இடங்களில் நிலம் தாழ்ந்து, கடல்நீர் வடியாமல் தேங்கி, உப்பு முற்றிக் காடே தளிர்க்காமற் போயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள்ளின் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஏற்றமும் வற்றமும் மீண்டும் உள்ளே சென்றுவரச் செய்த பிறகே அங்கே பசுமை திரும்பியது. ஆற்று நீர் கடலில் கலந்து வீணாகிறது என்று நம் மாவட்டத்தில் பேசுகிறவர்கள் பலர். கண்மாய் நிறைய வேண்டியது நியாயமே. ஆனால் மிஞ்சியது கடலை அடைவது வீணன்று என்பதைக் காரங்காட்டுப் படகில் ஒரு மணி நேரம் இருந்தவன் மறுக்க மாட்டான்.

படகு ஆற்று முகத்தைக் கடந்து திறந்த கடலின் ஓரத்திற்கு வரும்போது, நீர் தெளிந்திருந்தால் அடியில் கடற்புல் அசைவது தெரியும். மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு மேயும் புல்வெளிகள் இந்த விரிகுடாவில் உள்ளன. வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவைக் காண்போம் என்று எதிர்பார்க்க வேண்டாம். காடு வண்டலைப் பிடித்து நிறுத்துவதால் கடல்நீர் தெளிகிறது, நீர் தெளிவதால் புல்லுக்கு வெளிச்சம் கிடைக்கிறது என்ற சம்பந்தத்தை அந்த இடத்தில் நினைத்தால் போதும்.

இலக்கிய அபிமானிகளுக்கு ஒரு வார்த்தை. சங்கப் பாடல்களில் பெரிதும் புகழப்படும் தொண்டி சேரநாட்டு மேற்குக் கடற்கரைத் துறைமுகம். இந்தத் தொண்டியோ பாண்டிநாட்டுக் கிழக்குக் கரையது. ஆயினும் நெய்தல் திணைப் புலவர்கள் கண்டலையும் தாழையையும் நண்டின் வளையையும் உப்பங்கழியையும் எத்தனை நுட்பமாய்ப் பார்த்திருக்கிறார்கள் என்பதை உணர, ஒரு நெய்தற் பாட்டைப் படித்துவிட்டு இங்கே வருவதைப்போல் சிறந்த வழி இல்லை.

பிளாஸ்டிக் எதையும் கரையில் விடாதீர்கள். கன்று முளைக்கும் இடத்தை ஒரு பை மூடிவிட்டால் அங்கே மரம் வராது. மீனவர்கள் வலைபோட்டிருக்கும் இடத்தில் படகை விலக்கி ஓட்டச் சொல்லுங்கள். ஒருமுறை வந்துபோனதோடு, பார்த்தாயிற்று என்று முடித்துக்கொள்ளவும் வேண்டாம். தை மாதத்தில், நன்னீரும் பறவைகளும் இருக்கும்போது ஒருமுறையும், ஆவணியில், ஆறு வற்றி இலைமேல் உப்பு பூத்திருக்கும்போது மறுமுறையும் வாருங்கள். முதல் தடவை நீர் வடியும் வேளையிலும், அடுத்த தடவை நீர் ஏறும் வேளையிலும் படகேறுங்கள்.